லிபியாவில் குளிருமா?

1

அருப்புக்கோட்டையில் அச்சாபீஸும் அதோடு ஒட்டி ஒரு மாதப் பத்திரிகையும் நடத்தும் நண்பர் ஒருவர், லிபியாவைப் பற்றி எழுதச் சொல்லி ரொம்ப நாளாக நச்சரிக்கிறார். நம் பக்கத்து ஆட்கள் அங்கே வேலைக்குப் போகிறார்கள், போய் இறங்கியதும் திருதிருவென்று முழிக்கிறார்கள், அடிப்படை விவரங்களை மட்டும் எழுதிக் கொடு என்கிறார். சொந்தக் கதை வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டார். அவருக்கு என்னைத் தெரியும். தீப்பெட்டி வாங்கக் கடைக்குப் போனாலும் ஒரு கதையோடு திரும்புகிறவன் நான்.

சரி, விவரமாகவே ஆரம்பிக்கிறேன். லிபியா ஆப்பிரிக்காவின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. மேலே கடல், கீழே மணல். ஜனங்கள் பெரும்பாலும் கடலோரத்தில்தான். தலைநகர் திரிபோலி. பாஷை அரபி. பணம் தினார். வாராந்திர விடுமுறை வெள்ளிக்கிழமை. மது கிடையாது, கிடைக்கும் என்று எவனாவது காதைக் கடித்தால் அவனை விட்டு விலகிப் போங்கள். ரொட்டி மலிவு. டீ சின்னச் சின்னக் கிளாஸில் மூன்று சுற்று வரும், மூன்றாவதில் வறுத்த நிலக்கடலை மிதக்கும். எங்கள் எம்.ரெட்டியபட்டிக் காட்டுக் கடலையின் ருசி அதற்கு வராது. இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

அடுத்து ‘தட்பவெப்பம்’ என்று தலைப்புப் போட்டேன். போட்டு ஒரு வாரமாகிறது, அதற்குக் கீழே ஒரு வரி ஓடவில்லை. நண்பர் பொறுத்துக்கொள்ள வேண்டும். சொந்தக் கதை வந்துவிட்டது.

2

நான் ஐ.டி.ஐ. படித்த எலக்ட்ரீஷியன். எண்பத்து மூன்றில் இங்கே வந்தேன். திரிபோலியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்கிற வேலை. அன்றிலிருந்து இன்றுவரை அதே ஜெனரேட்டர், அதே நான்.

வருகிறவர்களுக்கு முதல் எச்சரிக்கை: பாஸ்போர்ட் விவரத்தை அரபியில் எழுதி முத்திரை வாங்காமல் விமானம் ஏறாதீர்கள். இங்கே தெருப் பலகை, கடைப் பலகை, மருந்துச் சீட்டு எல்லாம் அரபிதான். இன்னொன்று, நம் ஊரில் இனிஷியலாகப் போடும் அப்பா பெயர் இங்கே முழுப் பெயராக நீண்டு முன்னால் வந்து நின்றுகொள்ளும். ஆஸ்பத்திரியில் என்னை எல்லோரும் ‘அழகர்சாமி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அது என் அப்பா. பருத்திக் காட்டை விட்டால் மதுரையைத் தாண்டாத மனுஷன், ஆப்பிரிக்காவில் பல்பு மாட்டிக்கொண்டிருக்கிறார்.

இரண்டு வருடம் கழித்து என் தங்கை பாண்டியம்மாளின் புருஷன் குருசாமியும் இந்த நாட்டுக்கு வந்தார். திருச்சுழிப் பக்கத்து ஆள். மதுரையில் ஓர் ஏஜென்ட் மூலமாக, தெற்கே பாலைவனத்தில் தண்ணீர்க் குழாய் பதிக்கிற ஒரு கம்பெனியில் லாரி டிரைவர் வேலை. நான் அவரை மாப்ளே என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். ஊரில் இருந்தவரை பெரிதாகப் பேசிக்கொண்டதில்லை. பொண்ணு கொடுத்த வீட்டுக்கும் எடுத்த வீட்டுக்கும் உள்ள மரியாதை அது. இங்கே வந்த பிறகுதான், பேச வேறு ஆள் இல்லாமல், சிநேகமானோம்.

ஒரு தை மாதத்தில் லீவு கிடைத்து என் அறைக்கு வந்தார். சட்டைக்கு மேலே சட்டை போட்டிருந்தார். மேல் சட்டையின் பொத்தான் பூட்ட முடியாமல் விறைப்பாக நின்றது. என்ன மாப்ளே இது கோலம் என்று கேட்டேன்.

“பாலைவனம்னா சுடும்னு பாடம் நடத்துன வாத்தியாரு இப்ப என் கையில சிக்கணும் மச்சான்,” என்றார். “வாளியில தண்ணி வச்சா காலையில கட்டியா கெடக்கு.”

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு, இதை ஊருக்கு எழுதிவிடாதீர்கள் என்றார். பாண்டியம்மாளுக்குத் தெரிந்தால் தினம் தினம் அழுவாளாம். அவர் எழுதிய கடிதத்தில் எல்லாம் இங்கே நம் ஊர் மாதிரியே வெயில், நம் ஊர் மாதிரியே சுகம் என்றுதான் எழுதினார். நானும் எழுதவில்லை. குளிரைப் பற்றி எங்கள் இரண்டு பேரைத் தவிர ஊரில் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது.

3

அடுத்த தை மாதம் அவரைக் காணவில்லை.

நடந்தது இவ்வளவுதான். முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்கு லாரியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். அன்று காற்று இருந்தது. மணல் காற்று கிளம்பினால் கையை நீட்டினால் கை தெரியாது. லாரி போய்ச் சேரவில்லை. தேடிப்போனவர்கள் பாதையிலிருந்து வெகுதூரம் தள்ளி லாரியைக் கண்டுபிடித்தார்கள். கதவு திறந்திருந்தது. எஞ்சின் பழுதில்லை. ஆள் இல்லை. அந்தப் பக்கத்து ஆட்களை வைத்துக்கொண்டு நெடுந்தூரம் தேடினார்கள். என்னையும் ஒரு தடவை கூட்டிப்போனார்கள். எந்தத் திசையில் பார்த்தாலும் ஒன்றுபோல இருந்தது. நான் லாரிப் படிக்கட்டில் நின்று ‘மாப்ளே, மாப்ளே’ என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். அந்தச் சத்தம் அங்கேயே என் காலடியில் விழுந்தது. இன்றைக்கும் சில நாள் தூக்கத்தில் நான் அந்தப் படிக்கட்டில்தான் நிற்கிறேன்.

உடல் கிடைக்காததால் சான்றும் கிடைக்கவில்லை. கம்பெனி கொடுத்த தாளில் ‘காணவில்லை’ என்று இருந்தது. போலீஸ் கொடுத்த தாளிலும் அதே சொல். தூதரகத்தில் ஒரு நல்ல மனிதர் என்னை உட்காரவைத்து டீ கொடுத்து, ஏழு வருடம் ஆனால் கோர்ட்டில் கேட்டுப் பார்க்கலாம், அதுவரை அவர் உயிரோடு இருப்பதாகத்தான் அர்த்தம் என்று விளக்கினார். அவர் மேல் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ‘அர்த்தம்’ என்ற வார்த்தையை நான் ஊருக்கு எப்படி எழுதுவது?

ஊரில் பாண்டியம்மாளுக்குக் கையில் மூன்று வயதுப் பெண், செல்வி. கழுத்தில் தாலி. அது இருக்க வேண்டுமா, இறங்க வேண்டுமா என்று யாருக்கும் தெரியவில்லை.

4

மூன்று வருடம் கழித்து நான் விடுமுறையில் போனபோது குருசாமியின் வீட்டில் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். கோடாங்கி வைத்துக் கேட்பது. கோடாங்கி என்பவர் உடுக்கையடித்துக் குறி சொல்கிறவர். இறந்தவர்கள் அவர் மேல் வந்து பேசுவார்கள். குருசாமி வந்து பேசினால் ஆள் இல்லை என்று அர்த்தம். கருமாதி செய்து கையைக் கழுவிவிடலாம். வராவிட்டால் எங்கேயோ இருக்கிறார்.

குருசாமியின் அண்ணன் ராமையா கெட்டிக்காரர். தம்பி மேல் உயிர். உள்ளூர்க் கோடாங்கிக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று, காரியாபட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சம்பந்தமே இல்லாத ஒருவரை வரவழைத்தார். வந்து பேசுவது தம்பிதானா என்று அடையாளம் கேட்க வேண்டுமே? அதற்கு என்னைப் பிடித்து உட்காரவைத்து, அந்த நாட்டைப் பற்றி அக்குவேறு ஆணிவேறாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அங்கே என்ன பணம், என்ன தின்பார்கள், எந்தக் கிழமை லீவு, காற்று எப்படி அடிக்கும். நம் நண்பர் இப்போது கேட்கும் பயண விவரத்தை நான் முதன்முதலில் சொன்னது அன்றைக்குத்தான். குளிரை அவர் கேட்கவில்லை. பாலைவனத்துக்குப் போய்வந்தவனிடம் யார்தான் குளிரைப் பற்றிக் கேட்பார்கள்?

பொழுது சாய்கிற நேரத்தில் உடுக்கை ஆரம்பித்தது. பாண்டியம்மாள் சுவரோரமாக, மடியில் செல்வியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குலதெய்வத்தை எல்லாம் கூப்பிட்டு முடித்து, கோடாங்கி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஆடத் தொடங்கினார். வந்திருக்கிறது என்றார்கள். ராமையா கேள்வியை ஆரம்பித்தார்.

எந்தக் கிழமை லீவு என்றதற்கு வெள்ளி என்று பதில் வந்தது. எல்லோரும் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். ராமையா அசரவில்லை. முஸ்லிம்கள் நிறைந்த வீரசோழன் பக்கம் பஸ் ஏறின எவனுக்கும் அது தெரியும் என்று முணுமுணுத்தார். என்ன பணம் என்றார். ரியால் என்று வந்தது. தப்பு. ராமையாவின் முகத்தில் எனக்கு இன்றைக்கும் மறக்காத ஒரு வெளிச்சம். என்ன பாஷை, சரி. வண்டி என்ன நிறம், தப்பு. சாப்பாடு என்ன, சோறு என்று வந்தது, அதுவும் தப்பு. போதும் எந்திரிங்க, இது நம்ம குரு இல்லை என்று ராமையா துண்டை உதறினார். கூட்டம் லேசானது. பாண்டியம்மாள் செல்வியின் தலையைத் தடவிக்கொடுத்தாள். எனக்கும் நெஞ்சில் ஒரு சுமை இறங்கினாற்போல இருந்தது.

அப்போது கோடாங்கி உடுக்கையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டார். அவர் பல் அடித்துக்கொண்டது எங்களுக்குக் கேட்டது.

“ஆத்தா, குளுருதாத்தா,” என்றார். “ரெண்டு சட்ட போட்டும் குளுருதாத்தா.”

ராமையா சிரித்தேவிட்டார். பாலைவனத்துல குளுருதாம், கேட்டுக்கங்க என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னார். பெண்கள்கூடச் சிரித்தார்கள். எங்கள் சீமையில் வெயிலைத் தவிர வேறு எதையும் கண்டிராதவர்கள்; அதைவிடப் பெரிய வெயிலில் ஒருவனுக்குக் குளிரும் என்றால் யார் நம்புவார்கள்? ராமையா என் பக்கம் திரும்பி, நீங்களே சொல்லுங்க, அங்க குளுருமா என்றார்.

‘ஐவா’ என்றேன். அரபியில் ஆமாம். யாருக்கும் புரியவில்லை. என்னவென்று மறுபடி கேட்டார். தமிழில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“குளுரும். தை மாசம் தண்ணி ஒறஞ்சு போகும். கடைசியாப் பாக்கும்போது மாப்ள ரெண்டு சட்டதான் போட்டிருந்தாக.”

ராமையா அப்படியே தரையில் உட்கார்ந்தார். குருசாமியின் தாயார் நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓலமிட்டார். பெண்கள் பாண்டியம்மாளை நோக்கி நகர்ந்தார்கள். எதற்கு நகர்கிறார்கள் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஒருத்தி அவள் தோளைத் தொட்டாள்.

பாண்டியம்மாள் அந்தக் கையைத் தட்டிவிட்டு எழுந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

“செத்தவுகளுக்குக் குளுருமாண்ணே?”

அவள் கோடாங்கியைப் பார்த்தாள். அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, தெளிந்த மனிதராக, தரையைப் பார்த்தார். “குளுருதுன்னா ஒடம்பு இருக்கு. உசுரு இருக்கு. எந்திரிச்சுப் போங்க எல்லாரும்,” என்றாள். போனார்கள். கருமாதி நடக்கவில்லை.

5

பாக்கி விவரம். தொண்ணூற்றிரண்டிலிருந்து இந்த நாட்டுக்கு விமானம் கிடையாது, உலக நாடுகளின் தடை. பக்கத்து நாடான துனீசியாவில் இறங்கி, எல்லைவரை காரில் வந்து, வரிசையில் நின்று, மறுபடி கார் பிடிக்க வேண்டும். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாத எதையும் எல்லையில் தின்னாதீர்கள்.

குடும்பத்தோடு வருகிறவர்கள் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். சின்னதிலேயே இங்கே வந்துவிட்ட என் மகன் வாசு சண்டை போட்டால் அரபியில் போடுகிறான், தூக்கத்தில் உளறினால் அரபியில் உளறுகிறான். தமிழில் என்னிடம் பேசும்போது ஒவ்வொரு வார்த்தையையும் எங்கேயோ தேடி எடுத்துவந்து கொடுக்கிறான். பாண்டியம்மாளை அவனுக்கு அத்தை என்று தெரியும், குருசாமி மாமாவைப் போட்டோவில் தெரியும். தெற்கிலிருந்து வரும் லாரிகள் எங்கள் தெரு முனையில் நிற்கும்போதெல்லாம் நான் போய் டிரைவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு வருவேன். பின்பக்கம் பார்த்தால் அவரைப் போலவே இருக்கும் ஆட்கள் நிறைய உண்டு. ஒரு தடவை ஒரு சூடான்காரனின் தோளைப் பிடித்துத் திருப்பியே விட்டேன். வாசு அதைப் பார்த்துவிட்டான். “அப்பா, நீங்க யாரைத் தேடுறீங்க, மாமாவையா, இல்ல அவர் செத்துட்டார்ங்கிறதையா?” என்று கேட்டான். தமிழில்தான் கேட்டான். எனக்குக் கோபம் வந்து, போய்ப் படி என்று அதட்டினேன்.

நான் ஒரு தை மாதத்தில்கூட ஸ்வெட்டர் போட்டு நிம்மதியாக உட்கார்ந்ததில்லை. ஜெனரேட்டர் அறையின் சூட்டில் நிற்கும்போது, இப்போது அங்கே எப்படி இருக்கும் என்று நினைப்பு ஓடும். இருக்கிறவரை நினைக்கிறேனா, இல்லாதவரை நினைக்கிறேனா என்று எனக்கே தெரியாது. பேய் என்றால் ஊரில் புளியமரத்தில் இருக்கும், வேப்பிலை அடித்து விரட்டலாம். இதை எதைக் கொண்டு விரட்டுவது?

ஊரில் பாண்டியம்மாள் பூவும் பொட்டுமாகத்தான் இருந்தாள். ஏழு வருடம் ஆனதும் வக்கீலைப் பார்க்கலாம் என்றார்கள், அந்தப் பேச்சை எடுத்தவர் வீட்டில் அவள் பிறகு தண்ணீர் குடிக்கவில்லை. ஒன்றுதான் மாறியது. கோடாங்கி வந்துபோன அன்றிலிருந்து அவள் போர்த்திப் படுப்பதில்லை. மார்கழிப் பனியிலும் செல்விக்கு இழுத்துப் போர்த்திவிட்டு, அவள் வெறும் சேலையோடு சுருண்டு கிடப்பாள். இருமி இருமி நெஞ்சு கூடாகிப் போனது. அவுகளுக்கு இல்லாதது எனக்கு எதுக்கு என்பாள்.

6

போன தை மாதம் செல்விக்குச் சடங்கு. வயதுக்கு வந்த பெண்ணுக்குத் தாய்மாமன் சீர் கொண்டுபோகாமல் சடங்கு கிடையாது. பத்திரிகை தபாலில் வந்தது. அழைப்பவர் என்ற இடத்தில் குருசாமி, பாண்டியம்மாள் என்று இரண்டு பெயரும் இருந்தன. அவர் பெயருக்கு முன்னால் வேறு எந்த வார்த்தையும் இல்லை. அச்சுக் கோப்பவர் இரண்டு தடவை கேட்டாராம், அப்படியே போடு என்றாளாம்.

எல்லையெல்லாம் கடந்து, விழாவுக்கு முதல்நாள் மதியம் போய்ச் சேர்ந்தேன். சாயங்காலம் சீர் சாமான்களைத் தட்டுகளில் அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். பட்டுப்புடவை, மோதிரம், வளையல், சோப்பு, சென்ட். கடைசியாகப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு கம்பளியை எடுத்தேன். செல்விக்கு வாங்கியது. பெரிய பெரிய ரோஜாப்பூ போட்ட, தூக்கினால் கை வலிக்கிற கனமான கம்பளி. வெளிநாட்டிலிருந்து வருகிற எவனும் வாங்கிவருவதுதான். நான் ஒன்றும் யோசித்து வாங்கவில்லை, சத்தியமாக.

பாண்டியம்மாள் அதை விரித்து மடியில் போட்டாள். கையை உள்ளே விட்டு வைத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் இவ்வளவு சூடா என்றாள். பிறகு, இது எங்கே வாங்கினது என்று கேட்டாள். திரிபோலியில்தான், கடைக்குக் கடை தொங்கும் என்றேன். விலை அதிகமோ என்றாள். விலையே இல்லை, கூலிக்காரர்களும் வாங்குவார்கள் என்றேன். அவள் கம்பளியைப் பார்த்தபடியே இருந்தாள்.

“அவுக இருந்த பக்கமும் கெடைக்குமா?”

“கெடைக்கும். அந்தப் பக்கம் எல்லா வீட்லயும் உண்டு. வழியில போறவனுக்குக் குளுருதுன்னா சும்மாவே எடுத்துப் போத்திவிடுவாங்கெ, அப்படிப்பட்ட சனம்,” என்றேன்.

அது உண்மை. பாலைவனத்து ஜனங்களைப் பற்றி வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விவரம். சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு உறைத்தது. அவளுக்கு எனக்கு முன்னாலேயே உறைத்திருந்தது. கம்பளிக்குள் இருந்த கை அசையவில்லை.

“அப்படி ஊர்ல,” என்றாள், மெதுவாக, “உசுரோட இருக்குற மனுசன் இத்தன வருசமா குளுருல கெடப்பாகளாண்ணே?”

வெளியே பந்தலில் மைக்செட்டுக்காரன் சோதித்துக்கொண்டிருந்தான். உள்ளே செல்வி யாருடனோ சிரித்துப் பேசுவது கேட்டது. நான் பாண்டியம்மாளின் கையைப் பிடித்தேன். அவள் பிடிக்கவிட்டாள். சின்னப்பிள்ளையில் காட்டுக்குப் போகும்போது பிடித்ததற்கு அப்புறம் இப்போதுதான். என் கண்ணில் நீர் நிற்கவில்லை. அவள் கையை உருவிக்கொண்டு என் முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். யாராவது வந்துவிடுவார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டாள். கம்பளியை ஓரம் சேர்த்து மடித்து, பட்டுப்புடவைத் தட்டுக்குப் பக்கத்தில் தனித் தட்டில் வைத்து, அதன்மேல் ஒரு முழம் மல்லிகையும் வைத்தாள்.

“அழுகாதீகண்ணே, சடங்கு வீடு,” என்றாள். “பத்திரிகையில பேரு போட்டாச்சு. நாளைக்கு எல்லாரும் சாப்பிட்டுப் போற வரைக்கும் அவுக இருக்கட்டும்.”